மடிக்கப்படாத கடிதம்

கொலெட் கியரி கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டும்போது போடும் மஞ்சள் அங்கியைக்கூடக் கழற்றவில்லை. கையிலிருந்த காகிதத்தை டெர்வ்லா கோகனின் மேசைமேல் வைத்துவிட்டு, உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்தாள்.

"என்னைப் பெத்தவ பதில் போட்டுட்டா. நான் வேண்டாமாம்" என்றாள்.

கார்க் நகரில் ஒரு சலவைக் கடையின் மாடியில் இருந்தது டெர்வ்லாவின் அலுவலகம். கீழே இயந்திரங்கள் சுற்றும்போதெல்லாம் மேலே தரை லேசாக அதிரும். இருபது வருடம் போலீசில் இருந்தவள், மேலதிகாரி ஒருவரிடம் சொல்லக்கூடாத ஓர் உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே வந்து, இப்போது தொலைந்தவர்களைத் தேடித் தந்துகொண்டிருந்தாள். அவளுக்குத் துணை ஃபின்டன் லெஹேன். நாற்பது வருடம் தபால்காரர். ஓய்வு பெற்ற மறு வாரமே வீட்டில் மனைவி விரட்டிவிட்டதாக அவரே சொல்லிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தவர்.

கொலெட்டுக்கு நாற்பத்திரண்டு வயது. 1967 பிப்ரவரி ஒன்பதாம் தேதி பிறந்தவள். ஆறு வாரக் குழந்தையாக 'செயின்ட் ஈஃபா தத்துக் கழகம்' அவளை ஒரு குடும்பத்திடம் கொடுத்தது. வளர்த்தவர்கள் நல்லவர்கள். இருவரும் காலமான பிறகு, பெற்றவளைத் தேடத் தொடங்கினாள். தாய் சம்மதித்தால்தான் பெயரைச் சொல்வோம், அதுதான் சட்டம் என்றது கழகம். ஒன்றரை வருடம் காத்திருக்க வைத்து, நேற்று அதன் செயலாளர் மிஸ் பிரன்ட்டி அவளை அழைத்து, தேநீர் கொடுத்து, தாயிடமிருந்து தபாலில் பதில் வந்திருப்பதாகச் சொல்லி இந்த நகலை நீட்டியிருக்கிறார். பெயரும் முகவரியும் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. அசல் கழகத்தின் கோப்பில் இருக்குமாம். கோப்பு இத்துடன் மூடப்படுமாம்.

டெர்வ்லா வாசித்தாள். கையெழுத்தில் நான்கே வரிகள். "எனக்குக் கணவரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. எனக்கென்று ஒரு வாழ்க்கை அமைந்துவிட்டது. மூடிய கதவை யாரும் திறக்க வேண்டாம்."

ஃபின்டன் எட்டிப் பார்த்தார். காகிதத்தை வாங்கி ஜன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு அலமாரியிலிருந்து பழைய கடித நகல்கள் மூன்றை உருவி, அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தபால்ல வந்ததுன்னா சொன்னாங்க?"

"போன வாரம் வந்ததுன்னாங்க."

"அப்ப அதைக் கொண்டுவந்த தபால்காரர் அதைத் தலைமேல விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கணும்" என்றார் ஃபின்டன். "மடிச்ச காகிதத்தை நகல் எடுத்தா மடிப்பு சாம்பல் கோடா விழும். எவ்வளவு அழுத்தித் தேய்ச்சாலும் விழும். இந்த மூணையும் பாருங்க, கோடு இருக்கு. உங்களோடதுல ஒரு கோடுகூட இல்ல. இந்தக் கடிதம் மடிக்கப்பட்டதே கிடையாது."

டெர்வ்லா உடனே ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. பெரிய உறையில் மடிக்காமல் அனுப்பியிருக்கலாமே என்று கேட்டாள்.

"புருஷனுக்கும் பிள்ளைங்களுக்கும் தெரியக் கூடாதுன்னு எழுதறவ, வீடே எட்டிப் பாக்கற மாதிரி பெரிய உறையைத் தூக்கிட்டுப் போவாளா, முதலாளியம்மா? நாப்பது வருஷம் சுமந்திருக்கேன். ரகசியம் எப்பவும் சின்ன உறையிலதான் வரும்."

கொலெட் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். தாய் எழுதாத கடிதம் என்றால், அவளிடம் யாரும் கேட்கவே இல்லை என்றுதானே அர்த்தம் என்று மெதுவாகக் கேட்டாள். இன்னும் அப்படிச் சொல்ல முடியாது, ஆனால் இந்தக் கடிதம் எந்தப் பெட்டிக்குள்ளும் விழவில்லை என்றாள் டெர்வ்லா. தேடினால் சட்டப்படி தப்பாகுமா என்பது கொலெட்டின் அடுத்த கேள்வி.

"அவங்க உங்களுக்குப் பேர் சொல்லக் கூடாதுங்கறதுதான் சட்டம்" என்றாள் டெர்வ்லா. " நீங்களா கண்டுபிடிக்கக் கூடாதுன்னு எங்கயும் எழுதலை."

கொலெட் எழுந்தாள். "நான் யாருன்னு தெரிஞ்சுக்க, இந்த வயசுல ஒருத்தங்ககிட்ட அனுமதிச் சீட்டு கேட்டு ஒன்றரை வருஷம் நின்னேன். இனி யார்கிட்டயும் கேக்கறதா இல்ல. எங்க போகணும், சொல்லுங்க."

மறுநாள் காலை முதல் ரயிலில் மூவரும் டப்ளின் போனார்கள்.

பிறப்புப் பதிவு அலுவலகத்தின் தேடல் அறை யாருக்கும் திறந்தது. நாட்டில் பிறந்த எல்லாருடைய பெயரும் வருடவாரியாகத் தடித்த புத்தகங்களில் அங்கே இருக்கிறது. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், வட்டாரம், இவ்வளவுதான். தத்து என்று எங்கும் இருக்காது. 1967இல் மட்டும் அறுபதாயிரம் பெயர்களுக்கு மேல். கொலெட் புத்தகத்தின் கனத்தைப் பார்த்துவிட்டு, இதில் எப்படித் தேடுவது என்றாள்.

"சல்லடை போட்டுத்தான்" என்றாள் டெர்வ்லா. முதல் சல்லடை தேதி. இரண்டாவது வட்டாரம், கார்க்கில் பிறந்தாள் என்பதைக் கழகமே சொல்லியிருந்தது. மூன்றாவதுதான் முக்கியம். கல்யாணமான தாய் என்றால் குழந்தைக்கு அப்பாவின் குடும்பப் பெயர் இருக்கும், தாயின் பத்தியில் வேறு பெயர் இருக்கும். கல்யாணமாகாதவள் தன் பெயரைத்தான் குழந்தைக்குக் கொடுக்க முடியும். ஆகவே இரண்டு பத்தியிலும் ஒரே பெயர் இருக்கிற குழந்தையைத் தேட வேண்டும்.

"பாவம் செஞ்சவங்கன்னு பேர் வாங்கினவங்கதான் இந்தப் புத்தகத்துலயே சுலபமாக் கிடைக்கறாங்க. இதைக் கழகத்தை நடத்தின கன்னியாஸ்திரீங்க யோசிக்கலை" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார் ஃபின்டன்.

எழுத்துகளை மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். மதியத்துக்கு சாண்ட்விச்சை வெளிப்படியில் நின்றபடியே தின்றுவிட்டுத் திரும்பினார்கள். கொலெட் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து நகர்த்தினாள், விரல்நுனி கறுத்துப்போனது. மாலை நான்கு மணிக்கு அவர்கள் தாளில் நான்கு பெயர்கள் இருந்தன. இரண்டு ஓ'சல்லிவன், ஒரு மெக்கார்த்தி, ஒரு டூஹிக்.

முதல் மூன்றையும் ஃபின்டன் பென்சிலால் தட்டினார். மேற்குக் கார்க்கில் ஓ'சல்லிவன் ஓ'சல்லிவனைத்தான் கட்டுவான், மெக்கார்த்தி மெக்கார்த்தியைத்தான், வேறு ஆள் கிடைக்காது, அவர் தபால் கொடுத்த தெருவில் பதினொரு ஜான் ஓ'சல்லிவன்கள் இருந்தார்கள், ஒருவனுடைய காதல் கடிதத்தை மூன்று பேர் படித்த பிறகுதான் அவன் கைக்குப் போகும் என்றார். இருந்தாலும் டெர்வ்லா நான்கு சான்றிதழ்களுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தாள். அவர் சொன்னபடியே முதல் மூன்றிலும் அப்பாவின் பெயர் இருந்தது. நான்காவதில் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

தாய்: அசும்ப்டா டூஹிக், கடைச் சிப்பந்தி, ஊர் கில்நாப்ராக். குழந்தை: ஃபிடெல்மா.

கொலெட் அந்தப் பெயரை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். ஆறு வாரம் தன்னை யாரோ கூப்பிட்ட பெயர். அறையில் மற்றவர்கள் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் சான்றிதழை மடிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

ரயில் கிளம்புவதற்குள் ஃபின்டன் நான்கு பேரிடம் தொலைபேசியில் பேசிவிட்டார். தபால்காரர்களின் காலுக்குத்தான் ஓய்வு, வாய்க்கு இல்லை என்பது அவருடைய கொள்கை. கில்நாப்ராக்கில் முன்பு தபால் கொடுத்தவர் ஒரே மூச்சில் சொன்னார்: அசும்ப்டா டூஹிக் உயிரோடு இருக்கிறாள். மீன்பிடித் துறையில் வேனில் சிப்ஸ் பொரித்து விற்கிறாள். கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

"அப்ப கடிதத்துல இருக்கற புருஷன்?" என்றாள் கொலெட்.

"அவரும் தபால்ல வரலை" என்றார் ஃபின்டன்.

மறுநாள் சனிக்கிழமை, கில்நாப்ராக் துறையில் காற்று பலமாக அடித்தது. கொலெட்டைத் தேவாலயத்தின் பக்கத்தில் காரிலேயே இருக்கச் சொன்னாள் டெர்வ்லா. நாற்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு, ஊர் பார்க்க, முன்னறிவிப்பே இல்லாமல் ஒருத்தியின் முன்னால் போய் நிற்பது நியாயமில்லை; முதலில் அவளிடம் கேட்க வேண்டும். கொலெட் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றாள்.

வேன் நீல நிறம். உள்ளே நின்றவளுக்கு அறுபத்திரண்டு வயது. கட்டையான உருவம், முழங்கை வரை எண்ணெய்த் துளி பட்ட வடுக்கள். டெர்வ்லாவின் கறுப்புக் கோட்டையும் ஃபின்டனின் கழுத்துப்பட்டையையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"சுகாதாரத் துறையா? ஆறு நாளுக்கு முன்னாலதான் வந்துட்டுப் போனீங்க. எண்ணெய் புதுசு, பூனை என்னோடது இல்ல."

தாங்கள் சுகாதாரத் துறை இல்லை என்றாள் டெர்வ்லா. வரிசையில் இருந்தவர்கள் போகும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, 1967 பிப்ரவரி ஒன்பதாம் தேதி என்று மட்டும் சொன்னாள்.

அசும்ப்டா அடுப்பை அணைத்தாள். முகத்தில் அழுகை வரவில்லை, வந்தது கோபம்.

"செயின்ட் ஈஃபா ஆளுங்களா? இனிமே கேக்க மாட்டேன்னு அந்த அம்மாகிட்ட அன்னிக்கே சொல்லியாச்சு. எத்தனை தடவைதான் என் மூஞ்சியில அறைவீங்க?"

இந்தப் பெண் எதைக் கேட்டாள்?

"நீங்க அவங்ககிட்ட என்ன கேட்டீங்க, மிஸ் டூஹிக்?"

"என் மகளைக் கேட்டேன். வேற என்ன கேப்பேன்?"

ஓட்டுநர் இருக்கைக்கு மேலே வெயில் மறைப்புத் தட்டில், வண்டிக் காப்பீட்டுத் தாளோடு செருகியிருந்த ஓர் உறையை எடுத்து நீட்டினாள். 1993இல் கழகத்துக்குப் போய்க் கேட்டாளாம். மகள் எங்கே என்று தெரியும், கேட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். நான்கு மாதம் கழித்து இது வந்ததாம். அதற்குப் பிறகு அவள் எந்த வீட்டுக் கதவையும் தட்டவில்லை. துறைக்கு வரும் பெண்களில் இருபத்தாறு வயதுக்காரி, முப்பது வயதுக்காரி, நாற்பது வயதுக்காரி என்று வருடத்துக்கு வருடம் முகம் பார்த்ததோடு சரி.

டெர்வ்லா பிரித்தாள். "எனக்கென்று ஒரு வாழ்க்கை அமைந்துவிட்டது. மூடிய கதவை யாரும் திறக்க வேண்டாம்."

அவள் பையிலிருந்து கொலெட்டின் நகலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பதினாறு வருட இடைவெளி. ஒன்று மகள் எழுதியதாம், ஒன்று தாய் எழுதியதாம். இரண்டிலும் அதே வாசகம். இரண்டிலும் ஆங்கில 'ஒய்' எழுத்தின் வால் பின்னால் வளைந்து வார்த்தை முழுவதற்கும் அடிக்கோடு போட்டிருந்தது. எழுதியது ஒரே கை.

"உங்க மக இதை எழுதலை" என்றாள் டெர்வ்லா. "உங்க பேர்ல அவளுக்கு வந்த இன்னொண்ணை நீங்களும் எழுதலை. அவ ஒன்றரை வருஷமா உங்களைத் தேடறா."

அசும்ப்டா இரண்டு காகிதத்தையும் வெகுநேரம் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு படகுக்காரர் வந்து இரண்டு பொட்டலம் கேட்டார். அவள் பழக்கத்தில் அடுப்பைப் பற்றவைத்து, பொரித்து, கட்டிக் கொடுத்தாள். அவருக்குப் பின்னால் இன்னொரு ஆள் நின்றது. குனிந்தபடியே கேட்டாள்:

"உப்பு, வினிகர் ரெண்டும் போடவா?"

"வினிகர் நிறைய" என்றது குரல்.

டெர்வ்லா திரும்பிப் பார்த்தாள். காரில் இருக்கச் சொன்னவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் அங்கி காற்றில் படபடத்தது. அசும்ப்டா நிமிர்ந்தாள். அதே அகன்ற நெற்றி, அதே பிடிவாதமான தாடை.

"ஃபிடெல்மா" என்றாள் அசும்ப்டா.

"ஆமா."

வேனின் பின்கதவு திறந்தது. அதற்குப் பிறகு நடந்ததை டெர்வ்லா பார்க்கவில்லை. ஃபின்டனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படகுகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான்கு பேரும் செயின்ட் ஈஃபா தத்துக் கழகத்துக்குள் நுழைந்தார்கள். மெழுகுத் தரை, சுவரில் மரியாள் படம், வரிசையாக இரும்பு அலமாரிகள். மிஸ் இமெல்டா பிரன்ட்டி, வெள்ளைக் கம்பளிச் சட்டை போட்ட மெலிந்த பெண்மணி, முப்பத்தைந்து வருடம் அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவர், எல்லாரையும் பார்த்துப் புன்னகைத்து, யாருக்கு நேரம் ஒதுக்கியிருந்தது என்று கேட்டார்.

"எங்க ரெண்டு பேருக்கும்" என்றாள் கொலெட். "நான்தான் எங்கம்மாவைப் பாக்கவே பிடிக்காத மக."

"நான் இவளைப் பாக்கவே பிடிக்காத அம்மா" என்றாள் அசும்ப்டா. "ஒரே வண்டியிலதான் வந்தோம்."

மிஸ் பிரன்ட்டியின் புன்னகை அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் மாறின. விதிமுறைப்படி கோப்பைக் காட்ட இயலாது என்றார். டெர்வ்லா வாதாடவில்லை. அந்த மறுப்பை இப்போதே எழுத்தில் தரும்படி மட்டும் மரியாதையாகக் கேட்டாள். மிஸ் பிரன்ட்டி பேனாவை எடுத்தார். ஒரு வரி எழுதினார். 'ஒய்'யின் வால் பின்னால் வளைந்து ஓடியது. டெர்வ்லா இரண்டு கடிதங்களை அந்தத் தாளின் இரு பக்கத்திலும் வைத்தாள். பேனா நின்றது.

பிறகு மிஸ் பிரன்ட்டி பேசினார். குரலில் நடுக்கம் இல்லை. வளர்க்கிற குடும்பங்களுக்குக் கழகம் வாக்குக் கொடுத்திருந்தது, யாரும் வந்து கேட்க மாட்டார்கள் என்று. பெற்றவர்களுக்கும் அதேபோல. சந்தித்த சிலர் நொறுங்கிப்போய்த் திரும்பியதை அவர் இந்த நாற்காலியில் இருந்து பார்த்திருக்கிறார். மற்றவர்களை அதிலிருந்து காப்பாற்றினார். அதைக் கருணை என்றார்.

"என்னைக் காப்பாத்துனீங்களா?" அசும்ப்டா மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள். "நொறுங்கிப் போறதா இருந்தா நானே நொறுங்கிப் போயிருப்பேன். அது என் உரிமை. நீங்க என் மக பேர்ல என்கிட்ட பொய் சொன்னீங்க. பதினாறு வருஷம் நான் அவளை மனசுக்குள்ள திட்டிக்கிட்டு இருந்தேன். அதைத் திருப்பிக் கொடுங்க."

இப்படி எத்தனை கடிதம் எழுதினீர்கள் என்று ஃபின்டன் கேட்டார். கேட்டபோது அவர் குரலில் வேடிக்கை இல்லை. மிஸ் பிரன்ட்டி தன்னை அறியாமலே அலமாரிகளின் பக்கம் பார்த்தார். ஒன்றைப் பார்க்கவில்லை; வரிசை முழுவதையும் பார்த்தார்.

அதைக் கொலெட்டும் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அசும்ப்டா பக்கத்தில் உட்கார்ந்தாள். கோப்பு வரும் வரை இங்கிருந்து நகர்வதில்லை, போலீசைக் கூப்பிடுவதானால் தாராளமாகக் கூப்பிடலாம், வருகிறவர்களிடம் இரண்டு கடிதத்தையும் நாங்களே காட்டுவோம் என்றாள் கொலெட். பன்னிரண்டே கால் மணிக்கு, கழகத்தின் வழக்கறிஞரிடம் மூன்று முறை தொலைபேசியில் பேசிய பிறகு, மிஸ் பிரன்ட்டி ஒரு பழுப்புக் கோப்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். இருவரும் ஒன்றாகத்தான் திறந்தார்கள். முதல் தாளில், குழந்தையை ஒப்படைக்கும் பத்திரத்தின் அடியில், இருபது வயதுப் பெண்ணின் கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே, அச்சிட்ட வாசகங்களுக்கு இடையில், அவளே எழுதி, பிறகு யாரோ அடித்திருந்த வரி: இவள் கேட்டு வந்தால் என் முகவரியைக் கொடுங்கள்.

"எழுதினதே மறந்துபோச்சு" என்றாள் அசும்ப்டா.

இதோடு முடிந்தது என்று டெர்வ்லா நினைத்தாள். விசாரணைக்கு மனு எழுதினாள். அது போகவேண்டிய இடத்துக்குப் போனது, மெதுவாக நகரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் காத்திருப்பதில் தாய்க்கும் மகளுக்கும் சலிப்புத் தட்டிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை ஃபின்டன் மூச்சிரைக்க மாடியேறி வந்து, செயின்ட் ஈஃபாவுக்குப் போகலாம், வாருங்கள் என்றார்.

கழகத்தின் வாசலுக்கு நேர் எதிரே நீல வேன் நின்றிருந்தது. பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ஓர் அட்டை: 'உங்களைப் பார்க்க விருப்பமில்லை என்று இந்தக் கட்டடத்திலிருந்து உங்களுக்குக் கடிதம் வந்ததா? கொண்டுவந்து காட்டுங்கள்.' உள்ளே அசும்ப்டா பொரித்துக்கொண்டிருந்தாள். கொலெட் வேனின் கதவருகே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நின்றாள். தெருவோரமாக நீண்டிருந்த வரிசையில், செய்தி கேள்விப்பட்டு வந்த வயதான ஆண்களும் நடுவயதுப் பெண்களும் இருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. எதிரே மாடி ஜன்னலில் ஒரு திரை அசைந்து நின்றது.

டெர்வ்லா வரிசையின் ஓரமாக நடந்தாள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு காகிதம் இருந்தது.